பலா இலை உடுத்திப் போன திருவிழா

என் குரல் பெரிது. புதுக்கோட்டையில் நான் கிளார்க்காக இருக்கும் பள்ளிக்கூடத்தில், ஆபீஸ் அறையில் உட்கார்ந்து நான் போன் பேசினால், மாடியில் பாடம் எடுத்துக்கொண்டிருக்கும் டீச்சர் கைப்பிடிச் சுவருக்கு வந்து எட்டிப் பார்ப்பார். என் கணவர் கல்ஃபில் இருந்த காலத்தில் நான் போன் செய்தால், அதைக் காதில் வைக்காமல் கட்டிலில் போட்டுவிட்டுத் துணி மடிப்பாராம். "வெண்டக்கா முத்தலா இருந்துச்சுன்னு நீ காய்க்காரர்ட்ட சண்ட போட்டது எங்க ரூம்ல எல்லாருக்கும் தெரியும்" என்று இப்போதும் சொல்லிச் சிரிப்பார். அவர் சொன்னால் எனக்குக் கோபம் வராது.

நாத்தனார் சொன்னால் வரும். என் கணவரின் தங்கை அவள். கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம், தெருமுனை தாண்டிப் போய்விட்ட பால்காரரை வாசலில் நின்று ஒரு கூப்பாடு போட்டு நிறுத்தினேன். அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "யாத்தே! எங்க அண்ணிக்கு மைக் எதுக்குங்க?" என்றாள். வீடே சிரித்தது. புதுப்பெண் என்பதால் நானும் சிரித்துவைத்தேன். அன்றிலிருந்து அது எங்கள் குடும்பத்தின் நிரந்தர நகைச்சுவை ஆகிவிட்டது. காதுகுத்து, வளைகாப்பு, புதுமனை புகுவிழா, எங்கே போனாலும் யாராவது ஒருவர் அதைச் சொல்வார், அவள் காதைப் பொத்திக் காட்டுவாள், எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் வலித்தது. அதை யாரிடம் சொல்வது?

இந்தக் குரல் எனக்குச் சும்மா வந்ததில்லை. ஆலங்குடிப் பக்கம் கடலை விவசாயம் செய்த குடும்பம் எங்களுடையது. விதை போட்ட நாளிலிருந்து முளை தலைகாட்டும் வரை காக்காயும் மயிலும் கிளறித் தின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காட்டின் ஒரு கோடியில் அப்பா நிற்பார், மறுகோடியில் நான். கல்லெடுத்து எறிய விடமாட்டார். கூவித்தான் விரட்ட வேண்டும். அந்தக் கூவலுக்கு நடுவில்தான் நான் எழுதப் படிக்கவே கற்றுக்கொண்டேன். பிறகு டவுனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததும், மெதுவாகப் பேசு, மெதுவாகப் பேசு என்று ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

நாத்தனார் இப்போது அன்னவாசலில் தமிழாசிரியை. அவள் பேசுவதைக் கேட்க வேண்டுமானால் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அவள் சேர்ந்திருந்த இலக்கிய வட்டம்தான் சென்ற வருஷம் அங்கே சங்க கால உடைத் திருவிழா நடத்தியது. வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் காலத்து மனிதர்களாக வர வேண்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து பள்ளி மைதானம் வரை ஊர்வலம், மைதானத்தில் ஒவ்வொரு குழுவும் மேடையேறித் தங்கள் காட்சியை நடித்துக் காட்ட வேண்டும், சிறந்த குழுவுக்கு ஷீல்டு. கைக்கடிகாரம், கண்ணாடி, செருப்பு எதுவும் கூடாது என்று நோட்டீசில் போட்டிருந்தார்கள்.

பெயர் கொடுத்த ஆண்களில் பாதிக்கு மேல் ராஜா. பெட்ரோல் பங்க் முதலாளி சோழன், நகைக்கடைக்காரர் சேரன், பத்திர எழுத்தர் பாண்டியன். அவருக்கு எதிர்க்கடைக்காரரும் பாண்டியன்தான், இருவரும் பேசிக்கொள்வதில்லை. மூவேந்தர் என்றால் மூன்று பேர் என்று நான் நினைத்திருந்தேன். குடிமக்களாக வர ஆளே கிடைக்கவில்லை. இதைப் பார்த்துவிட்டு நாத்தனார், "ராஜா, ராணியெல்லாம் போதும். நாம தினைப்புனம் காக்குற பொண்ணுங்களா போவோம்" என்று ஒரு குழு சேர்த்தாள். தினை விளைந்த காட்டில் கிளி இறங்காமல் காவல் காத்த பெண்கள். அவள், அவள் பள்ளி டீச்சர்கள் மூன்று பேர், எதிர்வீட்டு நர்ஸ் பெண். ஆறாவது ஆள் வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிடும்போது சொன்னாள். கையில் இருந்த கரண்டியைக் கீழே வைக்காமலே "நான் வாரேன்" என்றேன்.

அவள் ஒரு நொடி தயங்கியது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒத்திகை அவள் பள்ளி வராந்தாவில் நடந்தது. ஆளுக்கொரு தட்டை கொடுத்தார்கள். மூங்கிலைப் பிளந்து செய்தது. ஆட்டினால் படபடவென்று சத்தம் போடும். கவண் வைத்துக் கல்லெறிவது போல ஒரு அசைவு, தட்டையை ஆட்டியபடி ஒரு சுற்று, பிறகு கிளிகளை விரட்டிக் கூவ வேண்டும். அந்த இடம் வந்ததும் நான் கூவினேன். வராந்தாக் கூரையில் இருந்த புறாக்கள் மொத்தமும் கிளம்பிப் போயின. எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் நாத்தனார் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. இது இலக்கியம். கொஞ்சம் நளினமா இருக்கணும்ல" என்றாள். பிறகு தன் போனை எடுத்து ஒரு பதிவைப் போட்டுக் காட்டினாள். பிளஸ் டூ மாணவி ஒருத்தி பாடியது. "ஆலோலம், ஆலோலம்" என்று தேன் மாதிரி வழிந்தது அந்தக் குரல். "இத ஸ்பீக்கர்ல ஓட விட்ருவோம். நீங்க வாய மட்டும் அசைங்க, போதும்."

"இது கிளிய வெரட்டுறதா, தூங்க வைக்கிறதா?" என்று கேட்டேன். டீச்சர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பாத்திரங்களை உருட்டினேன். என்ன என்று கணவர் கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "வாழ்க்கை பூரா மெதுவா பேசு, மெதுவா பேசுன்னுதானங்க கேட்டுக்கிட்டு இருக்கேன். கத்துறதுக்குன்னே ஒரு எடம் கெடச்சிருக்கு. ஊருக்கு முன்னாடி நின்னு ஒரே ஒரு தடவ கத்திக்கிறனே!" என்றேன்.

"கத்தேன். யாரு வேணாங்குறா?"

"ஒங்க தங்கச்சிதான்."

அவர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். தங்கைக்கும் எனக்கும் நடுவில் அவர் எப்போதும் டிவி பார்க்கிறவர்தான்.

விலகிவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் உடை என் கையில் இருந்தது. பச்சைச் சேலைக்கு மேல் இடுப்பைச் சுற்றி இலைகளால் தைத்த தழையாடை கட்டுவதென்று முடிவாகியிருந்தது. முதலில் நொச்சி இலை என்றார்கள். ஒடித்து வைத்த கொஞ்ச நேரத்திலேயே அது துவண்டு போனது, அதன் நெடிக்கு நாத்தனார் விடாமல் தும்மினாள். வேப்பிலையைக் கட்டினால் பார்க்கிறவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்கள் என்று நர்ஸ் பெண் சொன்னாள். நான்தான் பலா இலை என்றேன். ஆலங்குடியில் என் தம்பி தோப்பில் பலா மரத்துக்குப் பஞ்சமில்லை. அவன் இரண்டு சாக்கு நிறைய ஒடித்து பஸ்ஸில் ஏற்றிவிட்டான். கரும்பச்சையில் எண்ணெய் தடவியது போல மினுங்கியது ஒவ்வொரு இலையும். சாப்பாட்டு இலை தைப்பது போல ஈர்க்குச்சியால் கோத்து, அடுக்கடுக்காகத் தைத்தோம். கட்டிப் பார்த்தபோது எல்லோர் முகத்திலும் பத்து வயசு குறைந்தது. ஆட்டுக்குப் பலா இலை ஒடித்துப் போட்டே வளர்ந்தவள் நான். டீச்சர்களில் இரண்டு பேர் வீட்டில் அன்றைக்கும் ஆடு நின்றது. ஆனாலும் எங்கள் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அழகு அப்படிக் கண்ணைக் கட்டிவிட்டது.

திருவிழா அன்று மாலை பஸ் ஸ்டாண்டே கண்கொள்ளாக் காட்சியாக இருந்தது. தெர்மோகோல் கிரீடங்கள், ஜிகினாத் தாள் வாள்கள், மினி லாரிக்கு அட்டை கட்டிச் செய்த தேர். செருப்பு கூடாது என்று விதி போட்டவர்கள் தார் ரோட்டை மறந்துவிட்டார்கள். வெயில் சாய்ந்தும் ரோடு கொதித்தது. கம்பீரமாக வந்து இறங்கிய வேந்தர்கள் எல்லாம் ஒரு காலை மாற்றி ஒரு காலில் குதித்தார்கள். ஒரு பாண்டியனின் ஒட்டுமீசை வேர்வையில் கழன்று பாதி தொங்கியது. கண்ணாடி இல்லாமல் கண் தெரியாத சேரன், என் கணவரை விழாக் குழுத் தலைவர் என்று நினைத்துச் சால்வை போர்த்தப் போனார். கணவர் வெட்கப்பட்டு டீக்கடைக்குள் புகுந்துகொண்டார்.

எங்களைப் பார்த்ததும் கூட்டம் ஓவென்றது. போன்கள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பின. நாத்தனாரின் தழையாடைதான் எல்லாவற்றிலும் அடர்த்தி. குழுத் தலைவி என்று இரண்டு அடுக்கு கூடுதலாகத் தைத்திருந்தேன். ஸ்பீக்கரை இலைகளுக்குள் இடுப்பில் மறைத்துக் கட்டியிருந்தாள். "அண்ணி, ஞாபகம் இருக்குல்ல? வாய மட்டும்" என்று கிளம்பும்போது ஒரு தடவை சொன்னாள். தலையாட்டினேன்.

முன்னால் பறை, அதற்குப் பின்னால் வேந்தர்கள், அவர்களுக்குப் பின்னால் நாங்கள். கடைத்தெரு பாதி தாண்டியபோது சிறப்பு விருந்தினரின் கார் வருகிறது என்று ஊர்வலத்தை நிறுத்தினார்கள். பறையும் நின்றது. அந்த நேரம் பார்த்து இடது பக்கச் சந்திலிருந்து மேய்ச்சல் முடிந்த வெள்ளாட்டு மந்தை ஒன்று ரோட்டுக்கு வந்தது.

முதலில் வந்தது ஒரு கறுப்புக் கிடாய். நின்று எங்களைப் பார்த்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயைத் திறப்பதற்குள் அது நர்ஸ் பெண்ணின் பின்னால் போய் ஒரு கொத்தை உருவிவிட்டது.

"யாருக்கா இழுக்குறது? சும்மா இருங்க" என்றாள் அவள், திரும்பாமலே.

அதற்குள் மந்தை முழுவதும் எங்கள் நடுவே புகுந்துவிட்டது. குட்டிகள் கீழிருந்து தின்றன, பெரிய ஆடுகள் முன்னங்காலைத் தூக்கி எங்கள் மேலேயே வைத்துத் தின்றன. டீச்சர்கள் அலறிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடினார்கள். தட்டை ஒரு பக்கம், கவண் ஒரு பக்கம் விழுந்தது. மந்தைக்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்து, "எம்மா, பலா எலைய உடுத்திக்கிட்டு நடுரோட்டுல நின்னா ஆடு என்னம்மா பண்ணும்? அங்கிட்டு ஓடுங்கம்மா!" என்று எங்களையே திட்டினார். அங்கிட்டு ஓடினால் அங்கிட்டும் ஆடுதான். கடைகளிலிருந்து ஜனம் வெளியே வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அதிகம் மாட்டிக்கொண்டவள் நாத்தனார்தான். கூடுதல் அடுக்கு அல்லவா! நாலு ஆடுகள் அவளை ஒரு கடைச் சுவரோடு ஒதுக்கிவிட்டன. தள்ளு முள்ளில் ஸ்பீக்கர் பொத்தான் எங்கோ அமுங்கி, அவள் இடுப்பிலிருந்து "ஆலோலம், ஆலோலம்" என்று இனிமையாகப் பாட்டு வந்தது. ஆடுகள் அதைக் கேட்டபடியே நிதானமாக மென்றன.

"அண்ணீ!" என்று கத்தினாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. "அண்ணீ, ஏதாவது பண்ணுங்க!"

காலை அகட்டி ஊன்றினேன். அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்துக் கூவினேன். "ஏ... ஓ... ஓ... ஓய்!" என்று ஆலங்குடிக் கடலைக்காட்டில் மறுகோடிக்கு எட்டிய அதே கூவல். இத்தனை வருஷமாக மடித்து மடித்து உள்ளே வைத்திருந்தது மொத்தமும் அதோடு சேர்ந்து வந்தது.

கடைத்தெருவில் சிரிப்பு சட்டென்று நின்றது. ஆடுகள் வாயில் இலையோடு தலையைத் தூக்கின. இரண்டாவது தடவை கூவினேன். கறுப்புக் கிடாய் பின்வாங்கியது. மூன்றாவது கூவலுக்கு மந்தை மொத்தமும் திரும்பி ஓட்டம் பிடித்தது. சந்துப் பக்கம் கூட்டம் நின்றதால் அது நேராக வேந்தர்கள் நடுவில் பாய்ந்தது. சேர, சோழ, பாண்டியர் எல்லோரும் ஒரே நேரத்தில் தேரில் ஏறப் பார்த்தார்கள். தேர்தான் மினி லாரி, அட்டை கிழிந்தது. பேசிக்கொள்ளாத பாண்டியர் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்து ஏறியதை நானே பார்த்தேன்.

சிரிப்பு திரும்பி வந்தது. இந்தத் தடவை அது எங்களைப் பார்த்து வந்த சிரிப்பு இல்லை. யாரோ விசில் அடித்தார்கள். கைதட்டல் கடை கடையாகப் பரவியது. பறைக்காரர் ஒருவர் தானாகவே என் கூவலுக்கு ஒரு அடி போட்டார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நிறுத்த மனசு வரவில்லை.

நாத்தனார் சுவரிலிருந்து விலகி வந்தாள். கட்டியிருந்த தழையில் கால்வாசிதான் மிச்சம். இடுப்பில் கையை விட்டு ஸ்பீக்கரை அணைத்தாள். கீழே கிடந்த தட்டையை எடுத்துக்கொண்டாள். என் பக்கத்தில் வந்து நின்று, "இன்னும் சத்தமா, அண்ணி" என்றாள்.

சரியாகத்தான் கேட்டேனா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். "கத்துங்க அண்ணி! நாங்க தட்டுறோம்!" என்று மறுபடியும் சொன்னாள்.

மைதானம் வரைக்கும் கூவிக்கொண்டே போனேன். ஐந்து பேரும் தட்டையை ஆட்டிக்கொண்டு என்னோடு வந்தார்கள். மாடி ஜன்னல்கள் திறந்தன. நின்றுபோன பஸ்ஸிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்த்துப் பதிலுக்குக் கூவினார்கள். மந்தைக்காரர் தன் ஆடுகளை ஓரமாக ஒதுக்கி ஓட்டியபடி, "எம்மா, நாளைக்கு மேய்ச்சலுக்கு வாரீகளா?" என்று கேட்டார்.

மைதான வாசலில் விழாக் குழுவைச் சேர்ந்த ஒருவர் எங்களை நிறுத்தினார். தழையாடை கந்தலாகத் தொங்குவதைப் பார்த்து, "இந்தக் கோலத்துல மேடைக்கு எப்படிங்க? பின்னாடி போயிருங்க" என்றார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் எங்களோடு வந்த கூட்டம் அவரைச் சும்மா விடவில்லை. ஒதுங்கி வழிவிட்டார்.

எங்கள் முறை வந்ததும் மேடையேறி, ஸ்பீக்கர் இல்லாமலே காட்சியை நடித்து முடித்தோம். இருட்டும் நேரத்தில் முடிவைச் சொன்னார்கள். நடுவராக வந்திருந்த ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர், சிரிப்பை அடக்க முடியாமல் மேடையில் நின்றார். "இன்னக்கி எல்லாரும் நல்லா வேஷம் போட்டிருந்தீங்க. ஆனா காவல் காக்குறேன்னு வந்து நெசமாவே காவல் காத்தது இந்த ஆறு பேருதான்" என்றார். ஷீல்டு எங்களுக்கு. பெட்ரோல் பங்க் சோழன் உட்பட எல்லா வேந்தர்களும் எழுந்து கைதட்டினார்கள்.

ஷீல்டை நாத்தனார் வாங்கி நேராக என் கையில் கொடுத்தாள். அந்தக் கூவலை இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று கூட்டம் கத்தியது. நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தவர் மைக்கை ஸ்டாண்டிலிருந்து கழற்றி என் வாய்க்கு முன்னால் நீட்டினார்.

நாத்தனார் அதைக் கையால் ஒதுக்கினாள். "எங்க அண்ணிக்கு மைக் எதுக்குங்க?" என்றாள்.

அதே சொற்கள்தான். இந்தத் தடவை அவள் கண் கலங்கியிருந்தது. கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு எங்கும் வலிக்கவில்லை.

மூச்சை இழுத்தேன். மைதானத்தின் கடைசியில், கேட்டுக்கு வெளியே, என் கணவர் டீ கிளாஸோடு நிற்பது தெரிந்தது. அவருக்கும் கேட்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். கூவுவதற்கு முன்னால் ஒரு தடவை நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தேன்.

அவள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.